களைத்த நாளில் மலைச் சைக்கிள்

மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்துப் பொன்முடியில், 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது.

இத்தகைய போட்டிகளில் இடம்பெறும் ஒலிம்பிக் வகை மலைச் சைக்கிள் பந்தயம் களைப்புக்கு இரங்குவதில்லை. முன்னணி வீரரின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவீதம் அளவுக்குப் பின்தங்கினால், நடுவர்கள் களத்திலிருந்து வெளியேற்றிவிடுவார்கள்.

களைத்த உடம்போடு வருபவர் ஏற்றத்துக்குத்தான் அஞ்சுவார். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போகும். பாதையில் கிடக்கும் வேரும் கல்லும் சற்றுத் தாமதமாகவே கண்ணில் படும்.

காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலா? தூக்கம் போதவில்லையா? தொடக்க வேகத்தைக் குறைத்து, இறக்கத்தில் கவனத்தைக் கூட்டி ஓட்டலாம். காய்ச்சல் இருந்தால் பந்தய வரிசையில் நிற்கவே வேண்டாம். அடுத்த பந்தயத்துக்கு உடம்பும் வேண்டும், சைக்கிளும் வேண்டும்.