குப்பாயத்துக்கு மேல் ஒரு சீலை

மயிலாடிப் பக்கத்து ஒரு சபையில் முப்பது வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். ரோமர் 13-ஆம் அதிகாரம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை கரகரக்கும். ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறார் பவுல். போன மாதம் ஒரு சிறுமி கேட்டாள்: “அப்போ தோள்சீலை போட்டவங்க பாவம் செஞ்சாங்களா சார்?”

நாடார் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம், மேல்சாதிப் பெண்களைப்போல் தோளில் மேல்சீலை போடக் கூடாது என்றது அன்று எங்கள் ஊரை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் 1829 உத்தரவு. உடம்பை மறைப்பது மட்டுமே பிரச்சினை என்றால் அதோடு தீர்ந்திருக்கும். அவர்களோ குப்பாயத்துக்கு மேல் சீலையும் போட்டார்கள். சந்தையில் சீலை கிழிந்தது. 1858-59 கலவரத்தில் வீடுகளும் ஜெபவீடுகளும் எரிந்தன. திமிர் என்றுதான் அன்று பெயர். எனக்கு அது வேதவாசிப்பு. தேவசாயலில் மேல் கீழ் ஏது?

1859 ஜூலையில் மகாராஜா உத்திரம் திருநாள் தடையைத் தளர்த்தினார். அப்போதும் மேல்சாதிப் பாணி கூடாதாம்! அதுவும் சென்னையின் ஆங்கிலேய கவர்னர் டிரெவெல்யன் நெருக்கியதால் வந்தது. ஓர் அதிகாரத்தை எதிர்க்க இன்னோர் அதிகாரத்தின் நிழலில் நின்றோமே என்று உறுத்தத்தான் செய்கிறது. அந்த நிழல் இல்லாமலே, அய்யாவழியைத் தொடங்கிய சாமித்தோப்பு அய்யா வைகுண்டர், தலைப்பாகை மறுக்கப்பட்ட மக்களை அதைக் கட்டச் சொன்னார், சிறைக்கும் போனார்.

“இல்ல மக்களே” என்றேன் அந்தச் சிறுமியிடம். பவுலே சில கடிதங்களைக் காவலில் இருந்துதான் எழுதினார் என்றேன். “அப்போ அவரும் கீழ்ப்படியல்லியா?” என்றாள். வருகிற ஞாயிறு, மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தோடு போகிறேன்.