தேய்மானம்

தேய்வது பொருளின் குற்றமா, அதைத் தேயவிடுகிறவனின் குற்றமா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். திருவண்ணாமலையில் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகாரதம் மாடவீதியில் அசைந்து வருவதைப் பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றாது.

தேர் என்றால் நம் கண் அலங்காரத்துக்குப் போகும்; வடத்துக்குப் போகும். நான் பார்த்தது முட்டுக்கட்டையை. சக்கரத்தின் அடியில் அதைச் செருகித்தான் தேரைத் திருப்புகிறார்கள், நிறுத்துவதும் அதனால்தான். அத்தனை பாரமும் அந்த மரத்துண்டின் மேல் உரசிக்கொண்டு போகிறது. நசுங்கிச் சிராய்ந்து போனால் வேறொன்று வருகிறது. இவ்வளவு செய்யும் கட்டையின் பெயரைத்தான் நம் தமிழ், காரியத்தைக் கெடுப்பதற்கு வைத்திருக்கிறது! மொழிக்கும் நன்றி கிடையாது போலும்.

முட்டுக்கட்டையின் தேய்மானத்தில் ஒளிவுமறைவில்லை. பழைய லேத்தும் அப்படித்தான். அதன் வார்ப்பிரும்புப் பாதையின் மேல் சேடில் எண்ணெயில் வழுக்கிப் போகும். அதிகம் ஓடுகிற இடத்தில் பாதை குழிந்துவிடும். கைதேர்ந்த தொழிலாளி நீலச் சாயம் தடவிப் பார்த்து, மேடான புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி மட்டப்படுத்துவார். பாதைக்கு மறுபிறவி.

இன்றைய கம்ப்யூட்டர் யந்திரங்கள் பலவற்றில் வழுக்கல் இல்லை; உருளல். ஜப்பானின் டி.எச்.கே. கம்பெனி 1972-இல் இத்தகைய வழிகாட்டித் தண்டவாளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடினப்படுத்திய எஃகுத் தண்டவாளம்; அதைக் கவ்வியிருக்கும் பிளாக்குக்குள் எஃகுக் குண்டுகள் சுற்றிச் சுற்றி வரும். உராய்வு மிகக் குறைவு. ஆனால் பாரம் எங்கும் போய்விடவில்லை. கடுகினும் சிறிய தொடுபுள்ளிகளில் வந்து குவிகிறது. ஒவ்வொரு குண்டும் கடக்கும்போது எஃகின் தோலுக்குச் சற்றுக் கீழே அழுத்தம் ஏறி இறங்குகிறது. லட்சக்கணக்கான தடவைக்குப் பிறகு அங்கே ஒரு விரிசல் பிறக்கிறது. மேலே பார்த்தால் கண்ணாடி. ஒருநாள் செதில் பெயர்கிறது. சுரண்டிச் சரிசெய்ய வழியில்லை. கழற்றி எறிய வேண்டியதுதான்.

இதற்குக் கணக்கும் உண்டு. பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்று. அந்த ஆயுள் என்பதும், 100-இல் 90 பழுதில்லாமல் தாண்டக்கூடிய தூரம். மீதி 10? அவை முன்னாலேயே போகலாம் என்று கணக்கிலேயே எழுதியாயிற்று. எஃகுக்கு இது நியாயம். மனிதரிடமும் நாம் இதே கணக்கைப் போடுகிறோமே! "அவளுக்குச் சலிப்பே தெரியாது" என்று வீட்டில் ஒருத்தியைப் புகழ்கிறோம். சௌகரியமான புகழ்ச்சி. முனகுகிறவனுக்கு ஓய்வு கொடுக்கிறோம்; முனகாதவள் தலையில் இன்னொரு பாரத்தை வைக்கிறோம். முறிந்த பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவளையே கேட்கிறோம்.

அவ்வூரில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதை ஒப்பவில்லை. "எஃகு சொல்லாமல் போகிறது என்று யார் சொன்னது, சார்? சத்தம் மாறும். கை வைத்தால் அதிர்வு தெரியும். துடைத்த துணியில் கிரீஸ் கறுத்து வரும். கேட்கத்தான் ஆள் வேண்டும்" என்றார்.

அவர் சொன்ன இன்னொன்று அதைவிட முக்கியம். சதா ஓர் அங்குலத்துக்குள்ளேயே போய்வந்து கொண்டிருந்தால், பாரம் குறைவானாலும் பாதை கெடுமாம். குண்டுகள் முழுதாகச் சுற்றி வராததால் எண்ணெய்ப் படலம் விலகி, எஃகோடு எஃகு உரசிச் செம்பொடி உதிரும். அதனால் அவ்வப்போது, வேலை இல்லாவிட்டாலும், இக்கடைசியிலிருந்து அக்கடைசிவரை ஒரு நீள ஓட்டம் விடுவார்.

ஓய்வு கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைக்கிறோமே, அடுக்களைக்கும் வாசலுக்கும் நடுவே இருபது வருஷம் போய்வந்தவளுக்கு ஓய்வா வேண்டும்? பௌர்ணமி இரவில் இந்த மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிற கூட்டத்தில் எத்தனையோ பெண்கள். புண்ணியத்துக்காக வருகிறார்கள் என்கிறோம். இருக்கலாம். கடைசிவரை நடக்கக் கிடைக்கிறதே என்பதற்காகவும் வருகிறார்களோ என்னவோ! அவரவர் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.