விரைவு மட்டும் அன்பாகுமா?

வீதி விபத்தில் விழுந்தவரைக் கண்டதும் நாலு பேர் கைகால்களைப் பிடித்துத் தூக்கி, கிடைத்த வாகனத்தில் ஏற்றிவிடுவதுண்டு. எண்ணம் நல்லதே. ஆனால் முள்ளந்தண்டு முறிந்திருப்பின், அந்த ஒரு தூக்கலிலேயே முண்ணாண் சேதமுற்று அவர் ஆயுள் முழுவதும் நடக்க இயலாதவராகலாம். அப்படியாயின் நல்லெண்ணம் மட்டும் போதுமா?

நல்ல சமாரியனை எண்ணிப் பாருங்கள். அவன் முதலில் காயங்களைக் கட்டினான். பின்னரே தன் வாகனத்தில் ஏற்றினான். இறுதியில் சாவடிக்காரனிடம் பொறுப்பாக ஒப்படைத்தான். அம்புலன்ஸ் ஊழியரின் ஒழுங்கும் இதுவே: அசைக்குமுன் மூச்சையும் இரத்தப்போக்கையும் கவனித்தல், கழுத்தையும் முதுகையும் வளையாது தாங்குதல், ஸ்ட்ரெச்சரில் பட்டியிட்டுப் பிணைத்தல், வைத்தியசாலையில் நடந்தவற்றைக் கூறி ஒப்படைத்தல். பிணைக்கப்படாத நோயாளி திடீர் பிரேக்கில் எறியப்படுவார்.

விரைவு வேண்டாமா? வேண்டும். இரத்தம் பெருகும்போது ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. ஆயினும் அவ்விரைவு நோயாளிக்காக இருக்கவேண்டும். நமது பதற்றத்தைத் தணிப்பதற்காக அல்ல.

2016இல் இந்நாட்டில் ஆரம்பமான 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்கிற்கும் வந்தது. தீ, வெள்ளம் போன்ற உடனடி ஆபத்து இல்லாதவிடத்து, அந்த இலக்கத்தை அழைத்து, இரத்தம் வடியும் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, விழுந்தவரை அசையவிடாது அருகில் இருப்போம். அதுவும் அயலானுக்குச் செய்யும் அன்பே.