பேகனின் பிழை

பந்திங்கில் வாழும் நமக்குப் பனிக்காலம் என ஒன்றில்லை. லங்காட் ஆற்றங்கரையில் ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு நாள் விடாது பெய்து, பெட்டியிலிருக்கும் பழைய கம்பளி வெளிவருமாயின் அதுவே நமது குளிர்காலம். அவ்விரவில் கதவைச் சார்த்திவிட்டு, இஞ்சித் தேநீரைக் கையிலேந்தி, கூரைமேல் மழை முழங்குவதைக் கேட்டிருப்பதில் ஓர் இன்பம் உண்டு. அதனை மறுப்பார் யார்? ஆனால் நேயர்களே, அதே ஓசையைத் தோட்டத்து லயத்திற் படுத்துக் கேட்ட நம் பாட்டனாருக்கு உறக்கம் வந்திருக்குமா? ரப்பர் மரத்தின் பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய கூலியும் இல்லாதிருந்த காலம் அது.

இவ்வெண்ணம் என்னைப் பற்றியது கேமரன் மலையில். சென்ற மார்கழியில் நண்பர் சிலருடன் அங்குச் சென்றிருந்தேன். கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 5,000 அடி உயரம். விடியலில் கண்ணாடிச் சன்னலருகே போர்வையும் காப்பியுமாக அமர்ந்திருந்தோம். தேயிலைச் சரிவில் மூடுபனி மெல்ல இறங்கிற்று. அதனிடையே, தோளிற் பிளாஸ்டிக் தாளைப் போர்த்த சில உருவங்கள் வரிசையாக ஏறின. "அடடா, சித்திரத்தில் எழுதியது போலல்லவா இருக்கிறது!" என்றார் நண்பர். நானும் ஆம் என்றேன். அப்போது உருவங்களுள் ஒன்று நின்று, இரு கைகளையும் வாயருகே குவித்து ஊதிக்கொண்டது.

வையாவிக் கோப்பெரும் பேகனின் கதை யாவரும் அறிந்ததே. பழனி மலைப்பக்கத்துத் தலைவனான அவன், மயிலொன்று குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக எண்ணப்பெற்றான். மயிலுக்கு ஏது போர்வை என நகைப்போரும் உளர். நானும் இளமையில் நகைத்தவனே. ஆனால் அவன் அழகைக் கண்டு துன்பமென மயங்கினான். நாங்களோ துன்பத்தைக் கண்டு அழகென மயங்கினோம். எது பெரிய மடமை?

ஆயினும் பேகனை முழுதும் புகழ என் மனம் இசையவில்லை. அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான். கபிலர், பரணர் முதலிய புலவர்கள் அவனிடம் சென்று, அவள் துயர் தீர்க்க வேண்டுமென்றே இரந்ததைப் புறநானூறு கூறும். காட்டு மயிலின் குளிரை அறிந்தவன் தன் வீட்டின் குளிரை அறியவில்லை!

ஆகலின் குளிரின் அழகை நுகர்வதே குற்றம் எனலாமோ? அவ்வாறு கூறுவாரோடு நான் உடன்படேன். இலங்கை மலைநாட்டு நுவரெலியா 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ளது. தை மாதத்திற் சில விடியல்களில் புல்மேல் உறைபனி படியும். அப்பக்கத்துத் தோட்டங்களில், 10 அடிக்கு 12 அடி லயத்தறையில், ஒரே அடுப்பைச் சூழ்ந்து குந்தியிருந்த நம்மவரும் கதைபேசிச் சிரித்ததுண்டு; பனி விலகுங்கால் மலையைப் பார்த்து நின்றதுமுண்டு. வறியவனுக்குச் சோறு போதும், அழகு எதற்கு என்பதும் ஒருவகைக் கொடுமையே. அவ்வடுப்பின் புகை அவர்தம் கண்ணையும் நெஞ்சையும் அரித்ததென்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

அன்று பிற்பகல் மலையிலிருந்து இறங்கினோம். தாப்பா வந்ததும் வெயில் சுட்டது. நண்பர் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு, தாம் காலையில் எடுத்த புகைப்படத்தைக் காட்டினார். சரிவு இருந்தது, பனி இருந்தது. கையை ஊதிக்கொண்டவரைத் தேடிக் கண்டேன். முகம் தெரியவில்லை.