பாட்டும் ஸ்தலமும்

எங்கும் நிறைந்தவன் என்று எவனைச் சொல்கிறோமோ அவனைப் பாடுவதற்கென்று ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, கல்லும் மரமும் சேர்த்து அதற்குக் கூரை போட்டு, பின்னொரு காலத்தில் அந்தக் கூரைக்கு ஆபத்து நேர்ந்தால் ஊர் முழுவதும் கலங்கி எழுந்து அதைக் காப்பாற்ற முயல்வது பொருத்தந்தானா என்ற கேள்வி, பக்தியும் தத்துவ விசாரமும் சேர்ந்து வளர்ந்த எந்த நாட்டிலும் எழாமல் இருந்ததில்லை. சர்வவியாபியான பரம்பொருளுக்கு இடம் ஏது, எல்லை ஏது என்று கேட்கும் வேதாந்தியின் வாதத்தை மறுப்பது எளிதன்று. ஆயினும் அதே வேதாந்தி காசிக்கும் இராமேசுவரத்துக்கும் நடந்து போனான் என்பதையும் நாம் மறந்துவிட இயலாது. பாட்டுக்கு இடம் வேண்டுமா என்பதைப் பற்றி நான் சில காலமாக யோசித்து வருவதற்குக் காரணம், சமயத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாததாகத் தோன்றும் ஒரு செய்தி.

ஆஸ்திரேலியாவில் மெல்பேர்ன் நகரத்தின் காலிங்வுட் பகுதியில் ‘டோட்’ என்றொரு பழைய மதுவிடுதி இருக்கிறது. பெயர் பெறாத இளம் வாத்தியக் குழுக்கள் அங்கே தம் பாட்டைப் பாடிப் பழகிப் பின்னர் பெரிய மேடைகளுக்குப் போயிருக்கின்றன. 2010 ஜனவரியில், இரவில் சங்கீதம் நடத்தும் விடுதிகளையெல்லாம் கலகம் விளையக்கூடிய இடங்களாகக் கருதிக் காவலாட்களை வைக்கச் சொன்ன உரிம நிபந்தனைகளின் செலவைத் தாங்க முடியாமல் அது மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான ஜனங்கள் வீதியை நிறைத்து நின்றார்கள். அடுத்த மாதம் 23-ஆம் தேதி, அரசு நூலகத்திலிருந்து நாடாளுமன்றத்தை நோக்கி, பாட்டைக் காப்பாற்றுங்கள் என்று கோரிப் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டிலேயே விடுதி மறுபடியும் திறக்கப்பட்டது. மீண்டும் 2023-இல் கட்டிடம் விலைக்கு வந்தது. அதே நகரத்தில் இன்னொரு சிறிய இசைவிடுதியை நடத்தி வந்தவர்கள் பொதுமக்களிடம் கையேந்தினார்கள். 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் சேர்ந்தது. இடம் கைமாறியும் பாட்டு நிற்கவில்லை.

அந்த ஜனங்களில் பலர் தங்களைப் பக்தர்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நாஞ்சில் நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஒரு மேடையைக் காப்பாற்றத் தெருவில் இறங்கி, கையிலுள்ளதைக் கொடுத்து, இது எங்கள் இடம் என்று சொல்பவர்களின் மனநிலை, இடிந்த அம்மன் கோயிலின் திருப்பணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு வீடுவீடாக ஏறி இறங்குகிறவர்களின் மனநிலையிலிருந்து வேறுபட்டதாகத் தெரியவில்லை. மதுக்கடையையும் கோயிலையும் ஒரே வாக்கியத்தில் வைப்பதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்புக்கு நியாயம் உண்டு. மதுவினால் எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணைந்தது என்பதை அறிந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. எனினும், மது இருக்குமிடத்தில் தெய்வ சாந்நித்தியம் இராது என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க, நம் சொந்த ஊர்க் கோயில்களே இடம் கொடுப்பதில்லை.

சுடலைமாடனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கப்படுகின்றன. அந்தப் படையலுக்கு முன்னால், குடத்தின் கழுத்தில் கட்டிய வில்லின் நாணை வீசுகோலால் அடித்து, மணிகள் குலுங்க, உடுக்கும் தாளமும் கட்டையும் சேர்ந்து ஒலிக்க, அத்தெய்வத்தின் பிறப்பும் அதற்கு நேர்ந்த அநியாயமும் அது பெற்ற வரமும் விடிய விடியப் பாடப்படுகின்றன. கொடைவிழாவில் வில்லுப்பாட்டு என்பது பொழுதுபோக்குக்காக வைத்த கச்சேரி அன்று. குடியழைப்பும் மதியக் கொடையும் சாமக்கொடையும் பாட்டோடு பிணைந்து நிற்கின்றன. கதை ஒரு குறிப்பிட்ட கட்டத்தை எட்டி, புலவர் வரத்துப் பாடத் தொடங்கி, குடத்தின் அடி துரிதமாகும்போதுதான் கோமரத்தாடியின் உடலில் தெய்வம் இறங்குகிறது. பாட்டு அங்கே வராவிட்டால் சாமியும் அங்கே வராது என்பது அந்தக் கூட்டத்திலுள்ள ஒவ்வொரு கிழவிக்கும் தெரியும். எங்கும் நிறைந்த தெய்வத்தை, இந்த இரவில், இந்த மரத்தடியில், இந்த மனிதனிடத்தில் பிரத்தியட்சமாக்குவது பாட்டு. அதைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கும் ஜனங்கள் அதற்குச் சாட்சி.

இதே மண்ணில்தான் வைகுண்ட சுவாமிகள் (1809–1851) தோன்றி, உயிர்ப்பலி வேண்டாம், மது வேண்டாம், பேய்களுக்கு அஞ்ச வேண்டாம் என்று சொன்னார். அவர் எவற்றை விலக்கினார் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எதை விலக்கவில்லை என்பதே என் விசாரத்துக்கு முக்கியமாகப் படுகிறது. ஜனங்கள் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து பாடுவதை அவர் விலக்கவில்லை. சுவாமித்தோப்புப் பதியிலும், ஊர்தோறும் எழுந்த நிழல்தாங்கல்களிலும் உகப்படிப்பும் உச்சிப்படிப்பும் இன்றும் நடக்கின்றன. கார்த்திகையில் தங்கள் புனித நூலான அகிலத்திரட்டை 17 நாள் இராகத்தோடு வாசிக்கிறார்கள். தூபக்காலும் பலிபீடமும் சாராயமும் போன பிறகும் அங்கே எஞ்சி நின்றது, கூடியிருந்து கேட்கும் ஜனசமூகம். ஆகவே மது என்பது பாட்டிடத்தின் மேல் படிந்த தூசி மாத்திரமே, துடைத்தால் போய்விடும். மெல்பேர்ன்காரர்கள் வீதிக்கு வந்ததும் சாராயத்துக்காக என்று நான் நம்பவில்லை. குடிப்பதற்கு அந்த நகரத்தில் வேறு இடமா கிடைக்காது?

இடத்தினால் பாட்டு புனிதமாகிறதா, பாட்டினால் இடம் புனிதமாகிறதா என்று கேட்டால், தமிழ்ச் சம்பிரதாயம் தயக்கமில்லாமல் இரண்டாவதன் பக்கம் நிற்கிறது. ஒரு கோயிலின் பெருமையைச் சொல்லும்போது அதன் கோபுரம் இத்தனை அடி என்று நம் முன்னோர் தொடங்கவில்லை. இன்னார் பாடிய தலம் என்றே தொடங்கினார்கள். 108 திவ்விய தேசங்களில் நம் மாவட்டத்துக்கு இரண்டு உண்டு: திருவட்டாறும், திருவண்பரிசாரம் என்று பாடப்பெற்ற திருப்பதிசாரமும். இரண்டையும் பாடியவர் நம்மாழ்வார். அவருடைய தாயார் உடையநங்கை பிறந்த ஊர் திருப்பதிசாரம் என்பது ஐதிகம். ஆழ்வாரோ குருகூரில் புளியமரத்தடியை விட்டு நகராதவர். அந்தந்த ஊர்ப் பெருமாள்கள்தாம் அவரிருந்த இடம் தேடி வந்து பாடல் பெற்றுப் போனார்கள் என்று வைஷ்ணவப் பெரியோர் சொல்லுவார்கள். இந்த ஐதிகத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எங்கும் இருப்பவன் ஓர் ஊரின் பெருமாளாக வந்து நிற்கிறான். எங்கும் போகாதவர் அந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பாடுகிறார். இடம் அவசியமில்லை என்று சொல்லத்தக்க சந்தர்ப்பம் இதைக் காட்டிலும் வேறு இருக்க முடியாது. அப்படியிருந்தும் பாட்டு ஊர்ப்பெயரை விடவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி பத்மநாபபுரத்தில் இருக்கிறது. அரண்மனையின் நவராத்திரி மண்டபத்தைப் பார்த்தவர்கள் அதன் கல்தூண்களையும், முகம் பார்க்கலாம் போன்ற கருந்தரையையும் மறக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை அதைப் பராமரிக்கிறது, நன்றாகவே பராமரிக்கிறது. ஆனால் நவராத்திரி வரும்போது தேவி அங்கே இருப்பதில்லை. திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபின் ஏற்பட்ட வழக்கப்படி, கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதி யானைமீதேறி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர, அரச உடைவாள் முன்செல்ல, திருவனந்தபுரத்துக்கு யாத்திரை போகிறாள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை மாறிய பிறகும் இந்த யாத்திரை நிற்கவில்லை; களியக்காவிளையில் ஒரு மாநிலக் காவலர் வழியனுப்ப, மற்றொரு மாநிலக் காவலர் எதிர்கொள்கிறார்கள். அங்கே கோட்டைக்குள்ளிருக்கும் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகளும் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் அவள் முன்னால் பாடப்படுகின்றன, எவரும் கைதட்டுவதில்லை. வித்தைக்கு அதிதேவதையானவள், தன் பழைய மண்டபத்தை விட்டு, பாட்டு நடக்குமிடம் தேடிப் போகிறாள் என்பதே எனக்குப் பெரிய உபதேசமாகத் தோன்றுகிறது. கல்லைக் காப்பாற்றினோம், அவள் கல்லுக்காக உட்கார்ந்திருக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. திருவனந்தபுர மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்து, 2006-இல்தான் நீங்கியது. அன்று முதன்முதலாகப் பாடியவர், களியக்காவிளைக்கு அப்பால் சிறிது தூரத்திலுள்ள பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள். அரசனின் மண்டபம் இவ்வளவு தாமதமாகச் செய்ததை நம் ஊர் மாடனும் இசக்கியும் எப்போதோ செய்துவிட்டார்கள். பெண் புலவர் நடுவிலமர்ந்து வீசுகோல் பிடித்துக் கதை நடத்தியதை நாஞ்சில் நாட்டுக் கொடைகள் சென்ற தலைமுறையிலேயே கண்டிருக்கின்றன. பாட்டிடத்தைக் காப்பது என்பதில், அங்கே பாட வருகிறவரைத் தடுக்காமலிருப்பதும் அடங்கும்.

அரண்மனையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் தக்கலை. அங்கே பீர்முகமது அப்பாவின் தர்கா இருக்கிறது. ரஜப் மாதம் 14-ஆம் இரவில், அந்த ஞானி தமிழில் இயற்றிய ஞானப்புகழ்ச்சியை, ஊரார் கூடியமர்ந்து இரவு முழுவதும் பாடுகிறார்கள். தந்தை பாடக் கேட்ட மகன் பாடுகிறான். அந்த இடத்தைக் காக்கத் தொல்லியல் துறை வேண்டியதில்லை. அந்த இரவே அதைக் காக்கிறது. அருகருகே இருக்கும் இவ்விரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, கட்டிடத்தைக் காப்பதும் பாட்டைக் காப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை நான் விளக்க வேண்டியிராது.

அப்படியானால் கட்டிடத்துக்காக ஏன் போராட வேண்டும் என்ற கேள்வி திரும்பி வருகிறது. சென்னை ஆர்மேனியன் தெருவில் அன்னி பெசன்ட் அம்மையார் எழுப்பிய கோகலே மண்டபத்தை இடிக்கத் தொடங்கியபோது, பழமையில் அக்கறையுள்ளவர்கள் உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். அரசியல் சொற்பொழிவுகளும் சங்கீதக் கச்சேரிகளும் நிறைந்திருந்த கூடம் அது. கச்சேரிகள் வேறு சபைகளுக்குப் போய்விட்டனவே, வெறும் சுவருக்கு ஏன் வழக்கு என்று அன்றும் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். உலகம் அநித்தியம், தோன்றியது மறையும், பாட்டும் மறையும், பாடிய இடமும் மறையும், இதற்காகப் புலம்புவது அஞ்ஞானம் என்று சொல்லுவோரும் உண்டு. அநித்தியம் என்ற உண்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயுள் முடிந்து உதிர்வது ஒன்று; மனைவிலை ஏறிவிட்டது என்பதற்காக உதிர்க்கப்படுவது வேறொன்று. புத்தர் பெருமானும் உபநிடத ரிஷிகளும் நிலையாமையைச் சொன்னது நம் பற்றை அறுப்பதற்காக. கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்காக அன்று. பற்றை விடு என்ற உபதேசம், இடத்தை இழப்பவனுக்கு மாத்திரம் சொல்லப்பட்டு, இடத்தை விற்பவனுக்குச் சொல்லப்படாமற்போனால், அது உபதேசமாகாது.

மேலும், மனிதனின் செவி சர்வவியாபியன்று. எங்கும் ஒலிக்கும் நாதப் பிரம்மத்தை அவன் ஓரிடத்தில் உட்கார்ந்துதான் கேட்க முடியும். ஒருவன் தனியே கேட்டதைக் காட்டிலும், பக்கத்திலிருப்பவனின் தோள் தன் தோளில் படக் கேட்டதே அவனுக்குள் நெடுநாள் தங்குகிறது. மெல்பேர்ன் கிளர்ச்சிக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 2014-இல், விக்டோரியா மாநிலத்தார் ஒரு விதி செய்தார்கள்: பாட்டு நடக்கும் விடுதிக்கு அருகே புதிதாக வீடு கட்டுகிறவன், சத்தம் உள்ளே வராமலிருப்பதற்கான செலவைத் தானே ஏற்க வேண்டும், முன்னமே அங்கிருந்த பாட்டை நிறுத்தச் சொல்லக்கூடாது. 2018-இல் இங்கிலாந்தின் திட்டக் கொள்கையும் இதை ஏற்றுக்கொண்டது. சட்டத்தின் பாஷையில் இது வெறும் செலவுப் பங்கீடு. எனக்கோ இது ஸ்தல மகாத்மியத்தின் சாரமாகவே படுகிறது. ஓரிடத்தில் நெடுங்காலம் பாடப்பட்டால் அந்த இடத்தின்மேல் பாட்டுக்கு ஓர் உரிமை பிறக்கிறது என்பதை, புராணத்தை அறியாத அந்த நாட்டார் தங்கள் வழியில் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. இடத்தை எவரும் பறிக்கவில்லை. சுடலைகோயில்களும் முத்தாரம்மன் கோயில்களும் ஓலைக்கூரை போய்க் கான்கிரீட்டும் வண்ணமுமாக வளர்ந்திருக்கின்றன. பாட்டுத்தான் சுருங்கிவிட்டது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லை ஊர்மேடைகளுக்கு எடுத்துப்போய் நாடெங்கும் புகழ் சேர்த்தார். அந்த வில்லுக்குப் பிறந்த மண்ணிலேயே பல கொடைகளில் மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, மீதி இரவை ஒலிபெருக்கிக்கும் திரைப்பாட்டுக் குழுவுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். திரைப்பாட்டின்மேல் எனக்குப் பகையில்லை; அதைக் கேட்க ஆண்டில் மற்ற எல்லா இரவுகளும் இருக்கின்றன. அந்தத் தெய்வத்தின் கதையை, அதன் பெயர் சொல்லி, அதன் பீடத்தின் முன்னால், முதலிலிருந்து முடிவுவரை பாடுவதற்கோ கொடை நடக்கும் அந்த இரண்டு மூன்று இரவுகளைத் தவிர வேறு நேரமில்லை. தலைக்கட்டு வரி பிரிக்கும் கூட்டத்தில் செலவுக் கணக்கு எழுதும்போது, பந்தலும் வாணவேடிக்கையும் மின்விளக்கு அலங்காரமும் எழுதி முடித்து, மிச்சமிருந்தால் வில்லுக்கு என்று கடைசி வரியில் போடுகிற வழக்கத்தை மாற்றி, முழுக்கதையும் பாடுவதற்குரிய சம்மானத்தோடு வில்லை முதல் வரியில் எழுதும்படி ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது எழுந்து நின்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவருக்குப் பக்கத்திலிருப்பவர்கள் கைதூக்க வேண்டும்.