மணி அடிக்கவில்லை என்பது அனுமதியா?

அல்லாஹ் நம் பயணங்கள் அனைத்தையும் ஸலாமத்தாக ஆக்கி வைப்பானாக.

சபரிலிருந்து வரும் ஒருவரை அழைத்து வர, காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்திற்குக் காரில் போனோம். வண்டிக்குள் 'பீப், பீப்' என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. "என்ன தம்பி அது?" என்றேன். "எண்பதைத் தாண்டினா அப்படித்தான் கத்தும் ஹஜ்ரத், பழகிப்போச்சு" என்றார் ஓட்டியவர். சற்றுத் தூரத்தில் சாலைப் பணி. 30 என்று பலகை வைத்திருந்தார்கள். அவர் எழுபதில் போனார். மெதுவாகப் போகச் சொன்னேன். "இப்பதான் சத்தமே வரலையே ஹஜ்ரத்!" என்றார்.

2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் இந்த எச்சரிக்கை கட்டாயம். வேகம் 80 கி.மீ.யைத் தாண்டினால் விட்டு விட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஒலிக்கும். முன்னால் குழி இருக்கிறதா, சிவப்புக் கொடியோடு ஒரு தொழிலாளி நிற்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. எழுபதில் போகும் வண்டியோ ஒரே வினாடியில் 19 மீட்டரைக் கடந்துவிடும்.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, முழுமையடையாத பாலத்திலிருந்து ஒரு கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். ஜிபிஎஸ் காட்டிய வழியில் அவர்கள் சென்றதாகக் கூறப்பட்டது. பாலத்தில் தடுப்பு இல்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

யார் பொறுப்பு? பொதுப் பாதையில் அனுமதியின்றிக் குழி தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவரே அதற்குப் பொறுப்பு என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. ஆகவே எச்சரிப்பது பாதையில் வேலை செய்பவர் மீது கடமை. வீடு கட்டும்போது தெருவில் ஜல்லியும் மணலும் கொட்டுகிற நமக்கும் இது பொருந்தும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்காக ஓட்டுபவரின் பொறுப்பு நீங்கிவிடாது. செவி, பார்வை, உள்ளம் ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று பனீ இஸ்ராயீல் சூரா (17:36) நமக்கு அறிவிக்கிறது. மறுமையில் கேள்வி காரின் மணிக்கு அல்ல, அதைக் கேட்டுப் பழகிப்போன நம் செவிக்கும், பலகையைப் பார்த்தும் கடந்துபோன நம் கண்ணுக்கும்தான்.

பாங்கு சொல்லும்போது விழித்துக்கொண்டு, எழாமல் படுத்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கும் பாங்கு கேட்கத்தான் செய்தது.

ஆகவே சகோதரர்களே, சாலைப் பணியின் முதல் பலகையைக் கண்டதுமே வேகத்தைக் குறையுங்கள். கொடி பிடித்து நிற்பவரும் மாலையில் தம் பிள்ளைகளிடம் திரும்ப வேண்டியவர். பிறர் உயிரை அமானத்தாகப் பேணும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.