பெண்ணையில் நீராட வரும் சாமி

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் புறப்பட்டு வந்து தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண்கிறார். மலையாகவே நிற்கிற சாமி, நீராட இன்னோர் ஊரின் ஆற்றுக்கு வருகிறார். மணலில் நிற்கும் கூட்டம் அவரை நம்ம சாமி என்றே கும்பிடுகிறது. 2025இல் அந்தத் திருவிழா முடிந்த ஆறாம் நாள், ஜனவரி 24 அன்று, ஜப்பானில் உருவான இராமாயண அனிமேஷன் படம் தமிழிலும் பேசிக்கொண்டு திரையரங்குக்கு வந்தது. அன்றிலிருந்து இந்த இரண்டு வருகையையும் என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை.

படத்தை எடுத்தவர் யூகோ சாகோ. 1928இல் பிறந்தவர், ஆவணப்படக்காரர். தொல்லியல் அறிஞர் பி.பி. லால் உத்தரப் பிரதேசத்தில் நடத்திய அகழாய்வைப் படம்பிடிக்க 1983இல் வந்த இடத்தில்தான் இராமன் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த இராமாயணங்களைத் தேடித் தேடிப் படித்தார். இராமன் தெய்வம், நடிகர் முகத்தைவிடச் சித்திரமே அதைத் தாங்கும் என்று நம்பினார். வெளிநாட்டுக்காரர் நம் இராமாயணத்தை இஷ்டம்போல் எடுப்பதா என்று இங்கிருந்து எதிர்ப்புக் கடிதம் போனது. இந்திய அரசோடு சேர்ந்து எடுக்கும் முயற்சியும் கைகூடவில்லை. ஜப்பானிலேயே வேலை தொடங்கியது.

நம் நாட்டு அனிமேஷனின் தந்தை எனப்படும் ராம் மோகனும், கோய்ச்சி சசாகியும் அவரோடு சேர்ந்து இயக்கினார்கள். ஏறத்தாழ 450 கலைஞர்கள், கையால் வரைந்த 1 லட்சம் ஓவியங்கள். வேட்டி எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் எப்படி ஆசி வாங்குவது என்று இந்தியக் கலைஞர்கள் செய்து காட்ட, ஜப்பானியர்கள் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு இளகும். வாழ்நாளில் வேட்டி கட்டியிராத ஒருவர், அதன் ஒரு மடிப்பு சரியாக விழ வேண்டுமே என்று மேசைமேல் குனிந்திருக்கிறார். நாம் கோயிலில் குனிவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

மணலூர்பேட்டையைக் கடந்த பெண்ணை, திருக்கோவலூர் தாண்டித் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போகிறது. கம்பரைத் தாங்கிய சடையப்ப வள்ளலின் ஊர் அது என்பது மரபு. கம்பருக்கும் இது வடக்கேயிருந்து வந்த கதைதானே! வான்மீகியின் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிப் போகிறான். கம்பருக்கு மனம் ஒப்பவில்லை. பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுத்துப் போகவைத்தார். வாங்கிய கதையில் இப்படிக் கைவைக்க அவருக்கு என்ன உரிமை என்று நாம் கேட்டதில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடிய உழைப்பே அந்த உரிமை. இங்கே பிறந்துவிட்டதால் மட்டும் ஒரு கதை நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. அதற்காகக் கண் விழித்தவருக்கும் அது சொந்தம்தான்.

1993 ஜனவரியில் டெல்லி திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டபோது அயோத்திக் கலவரத்தின் சூடு ஆறியிருக்கவில்லை. பிறகு தொலைக்காட்சி வழியாகத்தான் பிள்ளைகளிடம் அது போய்ச் சேர்ந்தது. சாகோ 2012இல் மறைந்தார். தன் இராமன் தமிழ் பேசித் திரையரங்குக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

தீர்த்தவாரி முடிந்ததும் மணலூர்பேட்டையில் சனம் ஆற்றில் இறங்கும். பிள்ளையைத் தோளில் வைத்திருக்கும் ஒருவர், குனிந்து ஒரு கை அள்ளி, முதலில் பிள்ளையின் தலையில் தெளிப்பார். கர்நாடகத்து நந்திமலையில் பிறந்து வந்த தண்ணீர் அது.